அரைத்துளை

ஃபின்டன் வயலினைத் தாடைக்குக் கீழே செருகி முதல் இழுப்பு இழுத்ததுமே ஜெசிந்தாவுக்குத் தெரிந்துபோயிற்று, இது தன் குழலில் வராத சுருதி. ஜி மைனர். உதட்டருகே கொண்டுபோன புல்லாங்குழலை மெல்ல மடியில் இறக்கினாள், யாரும் கவனித்திருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு. ஆனால் பக்கத்தில் இருந்த உனா கவனித்தாள், அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த ரோரி கிதாரின் கழுத்தைப் பிடித்தபடியே கவனித்தான், எதிரே இருந்த ஃபின்டன் மட்டும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தான், அவன் எப்போதும் கண்ணை மூடித்தான் வாசிப்பான், அதனால் வேண்டுமென்றே செய்கிறானா என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. அயர்லாந்தின் மேற்கு மூலையில் இந்தச் சின்ன ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்த இத்தனை காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்கூட அவன் இந்த பப்பில் ஜி மைனரில் ஆரம்பித்ததில்லை. டி, ஜி, போனால் ஏ. அவளுடைய குழலில் எது வருமோ அது. ஆறு துளை போட்ட கறுத்த மரக்குழாய், அவ்வளவுதான் அது. ஆறையும் மூடினால் டி, ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனால் அந்த ஸ்கேலில் என்னென்ன உண்டோ அதெல்லாம் தானாக வரும். அதில் இல்லாத சுரம் வேண்டுமென்றால் துளையைப் பாதி மூட வேண்டும். பாதி என்றால் எந்தப் பாதி, எவ்வளவு பாதி, அதை விரலின் சதைதான் முடிவு செய்யும். ரீல் என்று இவர்கள் சொல்லும் இந்த ஆட்ட மெட்டோ, கல்லில் விழுந்து ஓடும் தண்ணீர் மாதிரி நிற்காமல் போகிற ஒன்று. விரல் முடிவு செய்து முடிப்பதற்குள் அந்தச் சுரம் தெரு தாண்டிப் போயிருக்கும். இதற்காகத்தான் கீ வைத்த குழல் இருக்கிறது. இடையில் வராத சுரங்களுக்கு எல்லாம் தனித்தனித் துளை, ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு வெள்ளி மூடி, சுண்டுவிரலால் தொட்டால் திறக்கும், விட்டால் மூடும். அப்படி ஒரு குழல் இப்போது அவள் காலடியில் ஒரு நீலப் பெட்டிக்குள் இருந்தது. அவள் அதை இன்னும் திறக்கவில்லை.

திறக்கவில்லை என்பது இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். வந்து உட்கார்ந்து ஷாலைக்கூட எடுக்கவில்லை, ஃபின்டன் அந்தப் பெட்டியை மேஜைக்கு மேலாக நீட்டினான். பீர் கிளாஸ்களைத் தாண்டி, எல்லோரும் பார்க்க. இரண்டு கையாலும் நீட்டினான், அதுதான் மோசம், ஒரு கையால் நீட்டியிருந்தால் சாதாரணமாக வாங்கி வைத்திருக்கலாம். "உனக்கு" என்றான். ஆங்கிலத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஒரே 'யூ'தான், ஆனால் ஜெசிந்தாவின் காதுக்குள் அவன் சொல்வது எப்போதும் 'நீ' என்றும், தான் அவனிடம் சொல்வது 'நீங்க' என்றும்தான் விழும். "பிறகு பார்க்கிறேன்" என்று சிரித்துச் சொல்லிக் காலடியில் வைத்துவிட்டாள். பிறகு என்றால் எப்போது. ஈஸ்டர் கழியட்டும், சொல்கிறேன் என்று அவள் காரில் வைத்துச் சொன்னதும் ஒரு 'பிறகு'தான். ஈஸ்டர் கழிந்து மே மாதமும் வந்துவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள்வோமா என்று அவன் கேட்டபோது மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது, வைப்பரை நிறுத்திவிட்டுத்தான் கேட்டான், சத்தம் இடைஞ்சல் என்று. இவ்வளவு நல்ல மனிதனுக்கு இல்லை என்று சொல்ல எந்த வார்த்தையை எடுப்பது என்று தெரியாமல் அவள் அந்த நேரத்தில் ஈஸ்டரை எடுத்தாள். இப்போது பெட்டியைத் திறந்து, அந்தக் குழலின் துண்டுகளைப் பொருத்தி, இந்த ஜி மைனரில் அவளும் சேர்ந்து வாசித்துவிட்டால் அதுதான் பதில், யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, ரோரி அடுத்த மெட்டு முடிந்ததும் எல்லோருக்கும் விஸ்கி சொல்லிவிடுவான். திறக்காமல் இப்படியே மடியில் கையை வைத்துக்கொண்டிருந்தால் அதுவும் பதில்தானா? இல்லை, அது பதில் இல்லை, அது கூச்சம் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தியப் பெண் கூச்சப்படுகிறாள் என்று உனா ஏற்கெனவே சொல்லியிருப்பாள்.

எழுந்து வெளியே போய்விடலாம். போக முடியாது. இந்த மூலையில் பெஞ்சு சுவரோடு சேர்த்து அடித்தது, உள்ளே நுழைந்தவர்கள் வரிசையாக நகர்ந்து நகர்ந்து உட்கார வேண்டும், கடைசி இடம் அவளுடையது. இந்தப் பக்கம் சுவர், முதுகிலும் சுவர், முன்னால் மேஜை, அந்தப் பக்கம் உனா, அதற்கப்புறம் ரோரி. கதகதப்பான இடம் என்று முதல் நாள் ஃபின்டன்தான் காட்டினான். உனா அவனுடைய அக்கா. ஊரில் என்றால் இவளும் அக்கா என்றே கூப்பிட்டிருப்பாள், இங்கே வெறும் உனா. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் கான்செர்டினாவை முழங்கால்மேல் வைத்து நசுக்கி நசுக்கி விரிக்கும்போது உனாவின் முழங்கை ஜெசிந்தாவின் விலாவில் இடிக்கும். வாரா வாரம் இடித்து அந்த இடம் பழகிவிட்டது. இன்றைக்கு அது இடிக்கவில்லை, உனா ஒதுங்கி வாசித்தாள், பெட்டியை எடுக்க இவள் குனிவாள், இடம் வேண்டுமே என்று ஒதுங்கியிருக்கிறாள். இந்த நல்லெண்ணம் இருக்கிறதே. யாராவது ஒருத்தர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். ஃபின்டன் கெட்டவன் இல்லை. நிமோனியா வந்து அவள் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது அவன். அவள் குடியிருப்பது அவன் ஹார்டுவேர் கடைக்கு மேலே உள்ள இரண்டு அறை. வாரம் ஒரு தடவை இந்த இடத்துக்குக் கூட்டி வருவது அவன் கார். இந்த நாலைந்து பேரும் அவன் ஆட்கள். அவள் இந்த ஊரில் எந்தக் கதவைத் தள்ளினாலும் உள்ளே அவன் ஏற்கெனவே விளக்கைப் போட்டு வைத்திருப்பான்.

அவளைக் கட்டியிருந்த செல்வதாஸும் கெட்டவர் இல்லை. இதை நினைக்கவேண்டாம் என்றுதான் இருந்தாள், ஆனால் இந்த ரீலின் இரண்டாவது பகுதி மேலே ஏறி ஏறித் திரும்பவும் அதே இடத்தில் வந்து விழுகிறது, அது விழும்போதெல்லாம் அவரும் வந்து நிற்கிறார், வெள்ளைச் சட்டை, இடது கையில் வாட்ச், நாகர்கோவிலில் அந்த பஸ் ஸ்டாண்டு ஹோட்டல் வாசலில். உள்ளே போய் உட்கார்ந்ததும் சர்வரிடம், "எனக்கு ஒரு பூரி, இவளுக்கு ரவா தோசை" என்பார். இருபது வருஷத்துக்குக் கிட்ட ரவா தோசை. ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில், அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தாள், அதை அவர் மறக்கவே இல்லை, எவ்வளவு அன்பு. மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்த மனுஷன் என்று குளச்சலில் எல்லோரும் சொன்னார்கள். பிடிக்காமல் போனபிறகு அதை எப்படிச் சொல்வது. முதல் வருஷம் சொல்லியிருக்கலாம், பத்தாவது வருஷத்தில் சொன்னால் அது தோசையைப் பற்றிய பேச்சாக இருக்காது. அவர் நெஞ்சு வலி வந்து இறந்துபோன மறுமாதம் ஒரு ராத்திரி கட்டிலில் குறுக்காகப் படுத்துப் பார்த்தாள், தலை ஒரு மூலை, கால் ஒரு மூலை. தூக்கம் அப்படி ஒரு தூக்கம். விடிந்து எழுந்து கோயிலுக்குப் போய் அழுதாள். துக்கத்தில் அழுகிறாள் என்று பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இதை யாரிடம் சொல்ல. மகள் ஜெனோவாவிடம் சொல்ல முடியுமா, அவள் அப்பா பிள்ளை. திருச்சியில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு போன வாரம் போனில், "யம்மா, ஒனக்குப் பிடிச்சிருக்கான்னு மட்டும் பாரு. எங்கிட்ட கேக்காத, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள். பிடிச்சிருக்கா. பிடிச்சிருக்கு மோளே, ஃபின்டனைப் பிடிச்சிருக்கு, அவன் வாசிப்பைப் பிடிச்சிருக்கு, அவன் கைக்கு மரத்தூள் வாசம் உண்டு, அதுகூடப் பிடிச்சிருக்கு. ஆனா கட்டில்ல குறுக்கா படுக்கணும். இதை எந்தப் பிள்ளையிடம் எந்த அம்மா சொல்வாள்.

மெட்டு மூன்றாவது சுற்றுக்கு வந்துவிட்டது. உனா காதருகே சாய்ந்து, கான்செர்டினாவை நிறுத்தாமலே, "அதுல எல்லாச் சுரமும் இருக்கு. திறந்து பாரேன்" என்றாள். "வாசிச்சுப் பழகலையே" என்றாள் ஜெசிந்தா. "ஆறு மாசமா சொல்லிவச்சு வாங்கினான்" என்றாள் உனா. ஆறு மாசமா. அப்படியென்றால் காரில் வைத்துக் கேட்பதற்கு வெகு முன்பே. அப்படியென்றால் அவளுக்கு முன்பே அந்தக் குழலுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கை தன்னையறியாமல் மடியிலிருந்த குழலை இறுக்கிப் பிடித்தது. இதன் தலைப்பக்கத்தில் ஒரு மயிரிழை விரிசல், தேன்மெழுகு வைத்து அடைத்தது. ஊரை விட்டுப் போன ஒரு மாணவன் பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டுப் போனது, குடைகளுக்கும் ஊன்றுகோல்களுக்கும் நடுவில் கிடந்தது. டியூட்டி முடிந்து வரும் வழியில் உள்ளே போய்க் கையில் எடுத்தாள், ஊதிப் பார்க்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை, வாங்கினாள். வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். நாற்பது வயதுக்கு மேலே ஆகிறது, ஒரு சாமானை யாரிடமும் கேட்காமல் வாங்குவது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு மாடியில் அவள் ஊதியது கீழே கடையில் இருந்த ஃபின்டனுக்குக் கேட்டது. கேட்டிருக்கவேண்டாம். இல்லை, கேட்டதால்தான் இந்த ரீல்கள், இந்த ஞாயிற்றுக்கிழமைகள். எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் கூட வரும் போலிருக்கிறது. இல்லை என்று சொன்னால் வீடு போகும், கார் போகும், இந்த மூலை போகும், உனாவின் முழங்கை போகும். சரி என்று சொன்னால் எல்லாம் இருக்கும், அவள்தான்... அந்த இடத்தில் நினைப்பு ஒவ்வொரு தடவையும் தட்டி நின்றது, துணி ஆணியில் மாட்டியதுபோல.

ஃபின்டன் நிறுத்தாமல் அடுத்த ரீலுக்குத் தாவினான். இவள் கொஞ்சம் நம்பியிருந்தாள், அடுத்தது டி-யில் வரும், இரக்கப்படுவான் என்று. எஃப். எஃப் மேஜர். இன்னும் மோசம். இதில் இவள் குழலுக்கு வராத இரண்டு சுரமும் சந்திக்குச் சந்தி நிற்கும். கண்ணைத் திறந்து இவளைப் பார்த்தான், பார்த்துப் புன்னகை செய்தான், அந்தப் புன்னகையில் வஞ்சம் ஒன்றுமில்லை. திற, உனக்காகத்தான், இனிமேல் நீ எதையும் விட்டு வாசிக்க வேண்டாம் என்று சொல்லும் புன்னகை. வேண்டுமென்றேதான் செய்கிறான், அன்பினால் வேண்டுமென்றே செய்கிறான். ஜெசிந்தாவுக்கு வந்தது கோபமா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் குழலைத் தூக்கி உதட்டில் வைத்தாள். சாவட்டும். ஊதினாள். முதல் எஃப் நாசமாகப் போயிற்று. வலது நடுவிரலைத் தூக்கினாள், அவ்வளவு பெரிய துளையில் காற்று அப்படியே வழிந்து சுரம் கோணிக்கொண்டு மேலே போயிற்று, ரோரி தலையைத் திருப்பினான். இடது நடுவிரலில் அடுத்தது, பி ஃப்ளாட், அது வரவே இல்லை, வெறும் மூச்சு. விட்டுவிட்டாள், தெரிந்த சுரங்களைப் பிடித்துக்கொண்டாள், சி, ஏ, ஜி, படியில்லாத இடத்தில் கால் வைத்ததுபோல் திரும்பவும் எஃப். விரலைத் தூக்காதே. யார் சொன்னது இது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மூங்கில் குழலில் இரண்டு வருஷம் கற்றுக்கொண்டாளே, அங்கே அரைத்துளை என்பது ஒரு பெரிய சங்கதியே இல்லை, எல்லாப் பிள்ளைகளும் செய்தார்கள், விரலைத் தூக்குவதில்லை, உருட்டுவது, நெல் உலர்த்தும்போது பாதத்தை இழுப்பதுபோல. ஆனால் அங்கே சுரத்தில் போய் உட்கார நேரம் உண்டு. இங்கே உட்கார முடியாது. உட்காராதே, தொட்டுக்கொண்டு போ. உருட்டினாள். எஃப் வந்தது. முழுசாக வரவில்லை, ஓரம் கொஞ்சம் மங்கலாக, புகை பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற ஆள் மாதிரி, ஆனாலும் எஃப்தான். அடுத்த சுற்றில் இரண்டு எஃப் சரியாக வந்து மூன்றாவது கெட்டது. பி ஃப்ளாட் ஒன்று வந்தது. மூச்சு வாங்க இடமில்லாத இடத்தில் மூச்சு வாங்கினாள், நெற்றியில் வியர்வை, வாய் ஓரத்தில் எச்சில், வெட்கம் எல்லாம் எங்கோ போயிருந்தது. உனாவின் முழங்கை விலாவில் வந்து இடித்தது. எதிரே ஃபின்டனின் புன்னகை இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். வேகத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. இசையில் அவன் எப்போதும் நேர்மையானவன்.

முடிந்தது. யாரும் கிளாஸை எடுக்கவில்லை. பார் கவுண்டர் பக்கம் யாரோ பந்தயக் குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சத்தம் மட்டும்.

"அந்தக் குழல்ல இது சரியா வராது, ஜெசிந்தா" என்றான் ஃபின்டன். மெதுவாகத்தான் சொன்னான்.

"வராது" என்றாள். "தெரியும்."

"அதுக்குத்தான் அது." மேஜைக்குக் கீழே கண்ணைக் காட்டினான்.

சொல்லவேண்டியதை இவ்வளவு பேருக்கு நடுவில் சொல்லக்கூடாது, அது அவனுக்குச் செய்கிற அநியாயம், காரில் வைத்துச் சொல்லலாம், வீட்டில் வைத்துச் சொல்லலாம். ஆனால் கார் அவனுடையது, வீடு அவனுடையது. அங்கேயெல்லாம் வைத்துச் சொல்ல அவளுக்கு வாய் வராது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"நீங்க அதைத் திரும்ப எடுத்துட்டுப் போகணும், ஃபின்டன்" என்றாள். "நல்ல குழலா இருக்கும். எனக்கு வேண்டாம். நீங்க காரில் கேட்டதுக்கும் அதுதான் பதில். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவன் காது மடல் சிவந்தது. அது சிவப்பதை அவள் பார்த்தாள், பார்க்காமல் இருக்க வேறு பக்கம் ஒன்றும் இல்லை, பக்கத்திலும் முதுகிலும் சுவர். அவன் ரோசின் பிசின் கட்டியை எடுத்து வில்லில் தேய்த்தான். ஏற்கெனவே தேய்த்த வில். தேய்த்துக்கொண்டே, "ஆறு மணிக்கு வண்டி எடுப்பேன்" என்றான்.

"நான் நடந்து வந்துக்கறேன்."

"அஞ்சு மைல்" என்றான் ரோரி, தன்னையறியாமல்.

"பரவாயில்லை. கொஞ்சம் எழுந்திருக்கீங்களா" என்றாள் உனாவிடம். உனா எழவில்லை. கான்செர்டினாவின் தோல்வாரைக் கையிலிருந்து கழற்றினாள், திரும்ப மாட்டினாள், திரும்பக் கழற்றினாள், கழற்றும் வரை ஜெசிந்தா பெஞ்சில் பாதி எழுந்த நிலையில் தொடை மேஜை விளிம்பில் அழுந்த நின்றுகொண்டிருந்தாள், நிற்கவும் இல்லை உட்காரவும் இல்லை. ஒருவேளை எழவே மாட்டாளோ, இப்படியே இருந்துவிடுவோமோ என்று ஒரு பயம், சிறுபிள்ளைத்தனமான, உண்மையான பயம். பிறகு உனா எழுந்தாள், ரோரி எழுந்தான், மேஜையை இழுத்தார்கள், கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதின, எல்லோரும் வாத்தியங்களைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு தூக்கிக்கொண்டு வழி விட்டார்கள். குழலை ஷாலில் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தாள்.

காற்றில் நின்றபோதுதான் கோட்டை உள்ளேயே மறந்துவிட்டது தெரிந்தது. திரும்பிப் போனால் இன்னொரு தடவை எல்லோரும் எழ வேண்டும். போகவேண்டாம், மழை இல்லை என்று நாலு எட்டு வைத்திருப்பாள், பின்னால் கதவு திறந்தது. உனா கோட்டை நீட்டினாள். நேராக முகத்தைப் பார்க்கவில்லை.

"அவன் என் தம்பி" என்றாள்.

"ஆமா."

"எஃப் சுருதி உசந்துதான் இருந்தது."

"கேட்டுச்சு" என்றாள் ஜெசிந்தா.

உனா உள்ளே போனாள். கதவு மூடுவதற்குள் உள்ளே வயலின் ஆரம்பித்திருந்தது. டி-யில். எல்லோருக்கும் தெரிந்த எளிய மெட்டு.

சாலை நெடுக இரு பக்கமும் கல்வேலி, அதற்கப்பால் மாடு. வெளிச்சம் இன்னும் வெகுநேரம் இருக்கும், இந்த ஊர் மே மாதத்து வெளிச்சம். பின்னால் ஒவ்வொரு வண்டிச் சத்தம் கேட்கும்போதும் முதுகு விறைத்தது. அவன் நிறுத்துவான், ஜன்னலை இறக்குவான், ஏறு என்பான், ஏறாமல் எப்படி இருப்பது. ஏறினால் எல்லாம் சொல்லாத மாதிரி ஆகிவிடும், ஏறாவிட்டால் ஒரு மனிதனைச் சாலையில் வைத்து இரண்டாம் தடவை அவமானப்படுத்தியதாகும். என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் தயார் செய்தாள், வண்டி தாண்டிப் போயிற்று, வேறு யாரோ. இன்னொரு வாக்கியம். அதுவும் வேறு யாரோ. ஒரு மைல் போவதற்குள் தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் குழம்பித் தமிழும் ஆங்கிலமுமாகக் கிடந்தன. குதிகாலில் ஷூ கடித்தது. மணி ஆறு தாண்டியது, இனிமேல் வருவான் என்று ஓரமாக நடந்தாள். ஆறரை தாண்டியது. அவன் வரவில்லை.

ஊர் முனையில் திரும்பியபோது கடை வாசலில் அவன் கார் நின்றது. கடைக்குள் விளக்கு எரிந்தது. இந்தச் சாலையில் அந்தக் கார் அவளைத் தாண்டவே இல்லையே என்று யோசித்து நின்றாள். பிறகு புரிந்தது. ஏரிக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஒரு சாலை உண்டு, இரண்டு மடங்கு தூரம், யாரும் அதில் வருவதில்லை. அதில் வந்திருக்கிறான். அவளைத் தாண்டக்கூடாது என்று. அங்கேயே திரும்பி எங்காவது போய்விடலாம் போல் இருந்தது, ஆனால் மாடிப்படி கடைக்குள்தான். கதவைத் தள்ளினாள்.

ஃபின்டன் கவுண்டருக்குப் பின்னால் திருகாணிகளை அளவு பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் கடையில் வேலை செய்து அவள் பார்த்ததில்லை.

"இந்த மாசக் கடைசியில நான் வேற இடம் பார்த்துக்கறேன்" என்றாள்.

"அவசரம் இல்லை" என்றான். ஒரு திருகாணியைத் தப்பான டப்பாவில் போட்டு, எடுத்து, சரியான டப்பாவில் போட்டான். "மேலே குளிரும். ஹீட்டர் போட்டு வச்சிருக்கேன்."

நன்றி என்று பழக்கத்தில் வாய் திறந்தது. மூடிக்கொண்டு படியேறினாள். அறை வெதுவெதுப்பாக இருந்தது, படுக்கைப் பக்கத்து விளக்கும் எரிந்தது. உள்ளே போன முதல் காரியமாக ஹீட்டரை அணைத்தாள். ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் கட்டிலின் நடுவில் உட்கார்ந்தாள்.